அக்குவி அம்மையார் காத்திருந்த பேருந்து

இலையுதிர்காலத்து இளவெயில் மெலிந்த பொன்னிழையாய்க் கூரைகளின்மேல் சரிய, கால்வாயின் கரிய நீரில் மஞ்சள் இலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் இறங்கி மிதக்க, நிலத்தடித் தொடரிகள் ஆழத்தில் உறுமிக்கொண்டு ஓட, அவ்வுறுமலுக்கு மேலே கடைகளின் கண்ணாடிக் கதவுகள் மெல்ல நடுங்க, துருக்கியர் அடுப்பில் எழும் அப்பமணமும் அரபியர் கடையில் வறுபடும் காப்பிக்கொட்டையின் மணமும் நம்மவர் கடைவாயிலில் பிரிக்கப்படும் கறிவேப்பிலைப் பொதியின் மணமும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நடைபாதையில் வழிவிடாது நிற்க, பேர்லின் மாநகரின் நொய்கெல்ன் என்னும் பகுதி ஒரு சனிக்கிழமைக் காலை ஒன்பது மணிக்குச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. படிப்போரே, இப்பகுதியில் ஒரு வீட்டில் தாளிக்கும் கடுகு மூன்றாம் மாடிக்கு மணக்கும் முன்னரே, அது யார் வீட்டுக் கடுகு, யாருக்காகத் தாளிக்கிறார்கள், நேற்று ஏன் தாளிக்கவில்லை என்பதெல்லாம் தெருமுனைக்குத் தெரிந்துவிடும். ஆகையால் இக்கதையில் வரும் எதைக் குறித்தும் ‘இது உமக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்டு என்னை வருத்தாதீர்.

அதே வேளையில், கால்வாய்க்கு அப்பாலிருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் பேரறையில், அவுரிநீலத் துணியில் மஞ்சள் மீன்கள் நீந்தும் நெடிய ஆடையும் அதே துணியில் முடிந்த தலைக்கட்டுமாய், கைகளை மடியில் கோத்துக்கொண்டு, மேடையைப் பாராமல் வாயிலையே பார்த்தபடி ஓர் அம்மையார் முதல்வரிசையில் அமர்ந்திருந்தார். அவர் பெயர் அக்குவி அமெகான். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் தோகோ என்னும் சிறுநாட்டில் பிறந்தவர். பதினான்கு ஆண்டுகளாய் இவ்வட்டார மன்றத்தின் உறுப்பினர். வரும் நகர்ப் பேரவைத் தேர்தலுக்கு அவருடைய கட்சி தன் வேட்பாளரைத் தெரிந்தெடுக்கும் நாள் அது. இத்தொகுதியில் அக்கட்சி தோற்றதில்லை. ஆதலால் அந்த அறையில் வெல்பவர் பேரவையில் அமர்வது ஏறக்குறைய உறுதி. தெரிவோ, அறைக்குள் இருக்கும் உறுப்பினர் மறைவாய் எழுதி மடித்துப் போடும் சீட்டால் நடப்பது. அறைக்கு வெளியே நிற்பவர்கள் எவ்வளவு அன்புடையவர்களாயினும் அங்கே அவர்கள் எண்ணப்படுவதில்லை. கூட்டம் பத்து மணிக்கு. அம்மையார் வாயிலில் எதிர்பார்த்திருந்தது ஈழத்தமிழராகிய நம்மவர் முப்பத்தெட்டுப் பேரை.

அவர் நமக்கு எப்படி உறவானார் என்பதைச் சொல்லாமல் மேலே போனால் கதை நொண்டும். அனேகோ என்னும் கடற்கரை ஊரில், சந்தையில் துணி விற்ற தாய்க்கு மூத்த மகளாய்ப் பிறந்து, தலைநகரில் சட்டம் படிக்கப் போய், மாணவர் ஊர்வலமொன்றின் முன்வரிசையில் நடந்த குற்றத்துக்காகப் படையினரால் தேடப்பட்டு, இருபத்திரண்டாம் அகவையில் ஒரே ஒரு கைப்பையோடு இந்நகரில் வந்து இறங்கியவர் அவர். புகலிடம் வேண்டி வந்தோர் தங்கும் இல்லத்தில், பதினாறு குடும்பங்களுக்கு நான்கு அடுப்புகள் என்று வகுத்திருந்த பொதுச் சமையலறையில்தான், மன்னாரிலிருந்து வந்திருந்த பேர்பெச்சுவா என்பாரை அவர் கண்டார். இருவருக்கும் பொதுமொழி என்று ஒன்று கிடையாது; பொதுவாய் இருந்தது மிளகாய். அக்குவி கிளறிக்கொண்டிருந்த மீன்குழம்பில் பேர்பெச்சுவா, யாரும் கேளாமலே, ஒரு சொட்டெடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, “உப்புக் காணாது” என்று தமிழிலேயே தீர்ப்புச் சொன்னார். அக்குவி உப்பைப் போட்டார். அந்த உப்பில் தொடங்கிய நட்பு முப்பத்திரண்டு ஆண்டுகள் கெடாமல் இருந்தது.

விடியுமுன் எழுந்து மருத்துவமனையின் நீள்நடைகளைத் துடைத்தவர், பின்னர் அதே நடைகளில் செவிலியராய்ச் சீருடையணிந்து நடந்தார், குடியுரிமை பெற்றார், கட்சியில் சேர்ந்தார். முதல் ஆறாண்டுகள் கட்சி அவருக்குத் தந்த பணி, கோடை விழாக்களில் எடுக்கும் ஒளிப்படங்களின் நடுவே நின்று சிரிப்பது. “நடுவில் நிற்பதில் ஒரு நன்மை உண்டு, இருபுறத்தாரும் என்னைத் தாண்டிப் பேசிக்கொள்வது முழுதும் என் காதில் விழும்” என்பார். அப்படிக் காதில் விழுந்தவற்றைக் கொண்டே கட்சியின் நடைமுறைகளைக் கற்று, ஏழாம் ஆண்டு தாமே பட்டியலில் இடம் கேட்டு, வென்று, மன்றத்துக்குப் போனார். நிறுத்தவிருந்த பேருந்துத் தடத்தை நிறுத்தாது காத்தவர் அவர். விளையாட்டுத் திடலுக்குக் கழிப்பறை கட்டுவித்தவர் அவர். நம் முருகன் தேர் தெருவில் உலா வருவதற்கு ஒரு முழுநாள் தெருவை அடைத்துத் தந்தவரும் அவரே. ‘உன் நாட்டுக்குப் போ’ என்று பெயரில்லாமல் வந்த மடல்களை, ஆசிரியர்போல் சிவப்பு மையால் எழுத்துப்பிழை திருத்தித் தம் பணியறைச் சுவரில் ஒட்டிவைத்தார். அச்சுவரைப் பார்க்கவென்றே நாங்கள் சிலர் வேலையில்லாமலும் அவ்வறைக்குப் போனதுண்டு.

புதன்கிழமை தோறும் பிற்பகலில், விமலநாதன் என்பாருடைய மளிகைக்கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, நமக்கு வரும் அரசு மடல்களை அம்மையார் படித்துச் சொல்வார். இந்நாட்டில் மனிதர் பேசுவதைவிட மடல்கள் மிகுதியாய்ப் பேசும் என்பதையும், அவை பேசுவது ஒன்றும் நமக்கு விளங்காது என்பதையும் நீர் அறிவீர். முதன்முறை போன சுகன்யாதேவி வாயிலில் தயங்கி நின்று, “டெர்மின் எடுத்திட்டு வரவேணுமோ அக்கா?” என்று, நேரம் குறித்துப் பெறுவதற்கு இந்நாட்டார் சொல்லும் சொல்லால் கேட்டாராம். அம்மையார் தாம் கற்றிருந்த தமிழில், “சொந்தக்காரருக்கு என்ன டெர்மின்? வாங்கோ” என்றார். அன்றுமுதல் நாம் யாரும் அவரிடம் நேரம் கேட்டதில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் போனோம்.

இங்கே நம்மவர் வழக்கம் ஒன்றை நீர் அறியவேண்டும். நம் ஒவ்வொருவர் வீட்டிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று செருமானியருக்கு உரியது: பணியிடம், பள்ளி, மருத்துவர், அலுவலகம் ஆகியவற்றுக்கு அதன்படி ஐந்து மணித்துளி முந்தியே போய் வாயிலில் நிற்போம். மற்றொன்று நமக்கு உரியது: அழைப்பிதழில் பத்து மணி என்று அச்சிட்டிருந்தால் பன்னிரண்டுக்குப் போவோம், பத்துக்குப் போனால் நாற்காலி அடுக்கச் சொல்வார்கள். அம்மையாரை முதன்முதல் ஒரு திருமணத்துக்கு அழைத்தபோது அவர் பத்துக்கே வந்துவிட்டார். கூடத்தில் இருந்தவர் தோரணம் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் மட்டுமே. அம்மையார் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த விழாவுக்குப் பன்னிரண்டேகாலுக்கு வந்தார். கூடமே சிரித்து வரவேற்றது. “இவ இப்ப எங்கட ஆள்” என்று பேர்பெச்சுவா அறிவித்தார். அதைவிடப் பெரிய பட்டம் நம்மிடம் கிடையாது. ஆனால் அப்பட்டத்தோடு, அம்மையாரை நாம் எந்தக் கடிகாரத்திலிருந்து எந்தக் கடிகாரத்துக்கு மாற்றினோம் என்பதை அன்று அவரும் எண்ணவில்லை, நாமும் எண்ணவில்லை.

பேரவை வேட்பாளராக நிற்க அம்மையார் துணிந்தபோது, எதிர்நின்றவர் மார்ட்டின் லெம்கே என்னும் இளைஞர். நல்ல சட்டை, நல்ல பல், எல்லாரிடமும் ‘மிக நன்று’ என்னும் ஒரே சொல். கட்சியின் பழைய உறுப்பினர் பலர் அவர் பக்கம். அம்மையார் பக்கம் எஞ்சியோரும், அவர் கையால் குடியுரிமைத் தாள் நிரப்பிப் பெற்று, அவர் கேட்டதால் கட்சியிலும் சேர்ந்த நம்மவர் முப்பத்தெட்டுப் பேரும். கணக்கு அம்மையாருக்கே தோதாய் இருந்தது.

அப்போதுதான் விமலநாதன் அவரிடம் தனியே போனார். மளிகைக்கடை உரிமையாளர், கோயில் ஆட்சிக்குழுத் தலைவர் என்னும் இரு பட்டங்களோடு ‘மன்ற உறுப்பினர்’ என்னும் மூன்றாவதையும் சேர்த்து அழைப்பிதழில் அச்சிடவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் வேட்கை. வட்டார மன்றப் பட்டியலில் தமக்கு ஓர் இடம் வாங்கித் தரவேண்டும் என்றார். அம்மையார் செருமன் மொழியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “நில்லுங்கள், விமலநாதன், உங்களுக்காக எழுந்து பேசுவேன். ஆனால் கட்சி வாக்கெடுத்துத் தரும் இடத்தை நான் என் கையால் எடுத்துத் தருவதாகச் சொல்லமாட்டேன்.”

விமலநாதன் வீட்டுக்கு வந்து மனைவி சுஜீவாவிடம் பொரிந்தார். “இவ்வளவு காலமும் என்ர அரிசி மூட்டைக்குப் பக்கத்தில இருந்துதான் உவ அரசியல் செய்தவ. ஒரு இடம் எடுத்துத்தர ஏலாதாம்!”

“மூட்டைக்குப் பக்கத்தில இருந்து உங்கட வரி மடலையும் அவதானே வாசிச்சவ?” என்றார் சுஜீவா. 

அடுத்த கிழமை லெம்கே அக்கடைக்கு வந்தார். இரண்டு மீன் ரோல்ஸ் உண்டு, மிக நன்று என்றார். பின் மெல்லிய குரலில், “மன்றப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும். உங்கள் மக்களை எனக்கு வாக்களிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை அவர்களுக்கு வேறு அலுவல் இருந்தால் போதும்” என்றார். விமலநாதனுக்கு ஒரு மகள், தேனுஜா, அண்மையில் பெரியவளாகியிருந்தாள். பூப்புநீராட்டு விழாவுக்கு ஐயர் மூன்று நல்ல நாள்கள் குறித்துக் கொடுத்தார். மூன்றனுள் அந்தச் சனிக்கிழமையைத் தெரிந்தெடுத்தவர் விமலநாதன்.

செய்தி கேட்டு அம்மையார் கலங்கினார். விமலநாதனோ சிரித்த முகத்தோடு, “நல்லநேரம் ஒன்பதுக்கு முடிஞ்சிடும் அக்கா. அன்ரன்ர பஸ்ஸை வாசலிலேயே விடுறன். ஒன்பதரைக்கு ஏறினால் இருபது நிமிசம். எல்லாரையும் நான் கொண்டந்து இறக்கிறன்” என்றார். அம்மையார் பேர்பெச்சுவாவின் முகத்தைப் பார்த்தார். “ஓம் அக்கா, நான் இருக்கிறன்தானே” என்றார் பேர்பெச்சுவா. அதை அவர் முழு நெஞ்சோடுதான் சொன்னார். அதில் எனக்கு ஐயமில்லை.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். பேருந்துக்காரர் அன்ரன், சொன்னபடியே ஒன்பதரைக்குப் பேருந்தை விழாக்கூடத்து வாயிலில் நிறுத்திவிட்டார். உள்ளேயோ ஒப்பனை செய்யும் பெண் அப்போதுதான் தேனுஜாவின் இரண்டாம் புருவத்தைத் தொடங்கியிருந்தாள். பத்தேகாலுக்கு அன்ரன் தலையை நீட்டி, “அண்ணை, வெளிக்கிடுவமோ?” என்றார்.

“பிள்ளை இன்னும் மணையில இருக்கேல்ல. ஆக்களைச் சாப்பிடாமல் அனுப்பிறதோ? அக்கா எங்கட ஆள்தானே, கோவிக்கமாட்டா” என்றார் விமலநாதன். ‘எங்கட ஆள்’ என்ற சொல் கேட்டதும் கூடம் முழுதும் தலையசைத்தது. எழுந்து நின்ற இரண்டொருவரும் அமர்ந்தனர். படிப்போரே, அந்த மனிதர் நம்மை ஏமாற்றுவதற்குப் பெரிதாய் ஒன்றும் செய்யவில்லை. நம்மை வழக்கம்போல் இருக்கவிட்டார், அவ்வளவே.

பேர்பெச்சுவா மட்டும் அமரவில்லை. “நான் ட்ரெயினில போறன் அண்ணை” என்று கைப்பையை எடுத்தார்.

“தட்டு ஒன்பது. நீங்கள் போனால் எட்டாய்ப் போகும். எட்டுத் தட்டோடை என்ர பிள்ளையை அழைக்கிறதோ?” என்றார் விமலநாதன். ஒற்றைப்படையில்தான் தட்டேந்தவேண்டும் என்பதும், இரட்டையானால் பெண்ணுக்கு ஆகாது என்பதும் நம் நம்பிக்கை. சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் பேர்பெச்சுவாவைப் பார்த்த பார்வையில், அவர் கைப்பையை வைத்துவிட்டுப் பலகாரத் தட்டை எடுத்தார்.

பள்ளிக்கூடத்திலோ மணி பத்தடிக்கும்போதே கூட்டம் தொடங்கிவிட்டது. நிகழ்ச்சிநிரல் படித்தார்கள், லெம்கே பேசினார், அடுத்து அம்மையார் பேசினார். அனேகோவின் சந்தையும், அந்தச் சமையலறையின் நான்கு அடுப்புகளும், சிவப்பு மையால் திருத்திய மடல்களும் அப்பேச்சில் வந்தன என்றும், அறை சிரித்தது என்றும், பின்வரிசையில் ஒருவர் கண் துடைத்தார் என்றும் கேள்வி. பேசும்போது அவர் கண் மட்டும் வாயிலைவிட்டு அகலவில்லை. பேசி முடித்து அமர்ந்ததும், அவருடைய நெடுநாள் தோழியும் ஓய்வுபெற்ற ஆசிரியையுமாகிய ஹெல்கா குனிந்து, “உன் ஆட்கள் வரவில்லை. தெரிவை இரண்டு கிழமை ஒத்திவைக்குமாறு நான் எழுந்து கேட்கட்டுமா? தலைவர் மறுக்கமாட்டார், இப்போதே கேட்டால் உண்டு, சீட்டுக் கொடுக்கத் தொடங்கிவிட்டால் இல்லை” என்றார்.

அம்மையார் கைப்பேசியில், ‘எங்கே நிற்கிறீர்கள்?’ என்று பேர்பெச்சுவாவுக்கு எழுதினார். மணி பத்து நாற்பது. விழாக்கூடத்தில் ஒரு கையில் தட்டும் மறுகையில் கைப்பேசியுமாய், எட்டுப் பெண்களுக்குப் பின்னே ஒன்பதாமவராய் நின்ற பேர்பெச்சுவா, ஒற்றைப் பெருவிரலால் மறுமொழி எழுதினார்: ‘வந்துகொண்டிருக்கிறம்.’

குளியலறையில் நின்றுகொண்டே இதைச் சொல்லாதவர் நம்முள் யார்? மிதியடியைத் தேடிக்கொண்டே சொல்லுவோம். சொல்லுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் அதன் உண்மைப் பொருள் தெரியும். ஆகவே அதைப் பொய்யென்று நாம் எண்ணுவதில்லை. ஆனால் அந்த நொடியில் பள்ளிக்கூடத்தில் இருந்த அம்மையார், முதல் திருமணத்துக்குப் பத்து மணிக்கே வந்து ஏணியைப் பிடித்த பழைய அக்குவியாகவே அதைப் படித்தார். கைப்பேசியை ஹெல்காவிடம் காட்டி, “ஒத்திவைக்க வேண்டாம். பேர்பெச்சுவா என்னிடம் பொய் சொல்லமாட்டாள்” என்றார்.

பதினொன்றரைக்குச் சீட்டுப் பெட்டியை மூடினார்கள். லெம்கேவுக்கு அறுபத்தொன்று. அக்குவி அமெகானுக்கு நாற்பத்தேழு.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு நாம் போய் இறங்கினோம். பட்டுச் சேலைகள் சரசரக்க, தலையில் மல்லிகையும் நெற்றியில் சந்தனமுமாய், கட்சி உறுப்பினர் அட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி, முப்பத்தெட்டுப் பேரும் ஒரு கலியாண வீட்டாரைப் போல் அந்த அறைக்குள் நுழைந்தோம். அங்கே இருவர் நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தனர். “ஓட்டு எங்க போடுறது?” என்று சுகன்யாதேவி ஒருவரிடம் கேட்டார். அவர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, அம்மையார் இருந்த பக்கத்தைப் பார்த்தார்.

அம்மையார் அதே முதல்வரிசையில், அதே நாற்காலியில் இருந்தார். சுற்றியிருந்தவை எல்லாம் எடுத்தாகிவிட்டிருந்தன. பேர்பெச்சுவா முன்னே போனார். கையிலிருந்த பொதியை நீட்டினார். “அக்கா, உங்களுக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தனாங்கள்.”

பொதி இன்னும் சூடாய் இருந்தது. அந்தச் சூட்டை அம்மையார் இரு கைகளாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பேருந்து கூடத்திலிருந்து எப்போது புறப்பட்டது என்பதை அது சொல்லியிருக்கவேண்டும். பிறகு நம் எல்லாரையும் நிமிர்ந்து பார்த்து, நாம் கற்பித்த தமிழில், நாம் கற்பித்த பணிவோடு கேட்டார்:

“எல்லாரும் சாப்பிட்டீங்களோ?”

“ஓம்” என்றோம். அன்று அந்த அறையில் முப்பத்தெட்டுப் பேரும் ஒருமித்து அளித்த ஒரே வாக்கு அதுதான்.

மற்றவை விரைவில் நடந்தன. மன்றப் பட்டியலை வெளியிட்டார்கள். விமலநாதன் பெயர் முப்பத்தோராம் இடத்தில் இருந்தது. பதினைந்துக்குமேல் அக்கட்சி வென்றதில்லை என்பதை லெம்கே அவரிடம் சொல்லவில்லை, விமலநாதனும் கேட்கவில்லை. குறித்துக் கொடுத்த நாள்கள் மூன்று என்பதை ஐயர் ஒரு பூசைக்கு வந்த இடத்தில் விளையாட்டாய்ச் சொல்ல, அது அன்று மாலைக்குள் தெருவெல்லாம் நடந்து அம்மையார் வீட்டு வாயிலையும் தட்டியது. யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்பது இக்கதைக்கு வேண்டாதது. நாங்கள் சிலர் விமலநாதனின் கடைக்குப் போவதில்லை என்று உறுதிபூண்டு, புதிய முருங்கைக்காய் வந்த கிழமையில் அவ்வுறுதியை நெகிழ்த்தினோம். அம்மையார் இனி எத்தேர்தலிலும் நிற்பதில்லை என்று கட்சிக்கு எழுதிக் கொடுத்தார். மன்றத்தில் எஞ்சிய காலத்தை மட்டும் முடித்துத் தருவதாய்ச் சொன்னார். கடையின் பின்னறையில் முக்காலி இருந்தது, அவர் வரவில்லை.

பேர்பெச்சுவா மூன்று கிழமை அழுதார். பின் அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தார். மன்ற அலுவலகத்திலிருந்து, ‘புதன்கிழமை, மூன்று மணி இருபது மணித்துளி, இரண்டாம் மாடி’ என்று மறுமொழி வந்தது. மூன்றுக்கே போய் நீள்நடையில், சுவரோரத்து வாங்குப் பலகையில், குளிரங்கியைக் கழற்றாமல் அமர்ந்திருந்தார். மூன்று இருபதுக்குக் கதவு திறந்தது. அம்மையார் கைகுலுக்கினார். செருமன் மொழியில் நெருங்கியவரை ‘நீ’ என்றும் அயலவரை ‘நீங்கள்’ என்றும் அழைப்பார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகளாய் ‘நீ’ என்றே அழைத்த வாய், “நீங்கள் உட்காருங்கள், அம்மணி” என்றது.

“அக்கா, என்னை ஏசுங்கோ” என்றார் பேர்பெச்சுவா.

“உங்கள் மடலைக் கொடுங்கள்” என்றார் அம்மையார்.

மடல் எதுவும் கொண்டுவரவில்லை. அவர் வந்தது அதற்கன்று. ஆயினும் அந்த முகத்தின் முன்னே வேறெதையும் நீட்ட அஞ்சி, கைப்பையைத் துழாவி, என்றோ வந்து கிடந்த எரிவளிக் கட்டண மடலொன்றை எடுத்து வைத்தார். அம்மையார் கண்ணாடியணிந்து, வரி வரியாய்ப் படித்து, எங்கே கையொப்பமிடவேண்டும், எந்நாளுக்குள் அனுப்பவேண்டும் என்று ஒரு குறையுமின்றி விளக்கினார். மூன்று நாற்பதுக்கு எழுந்து கதவைத் திறந்துவிட்டார். சினமில்லை, ஏளனமில்லை, அலுவலகங்களில் நாம் எதிர்பார்க்கும் நல்லொழுக்கம் முழுதும் இருந்தது.

அதுமுதல் நாமெல்லாரும் அப்படியே போகிறோம். முன்கூட்டி எழுதி நேரம் கேட்கிறோம். அவர் தருகிறார், ஒருவரையும் மறுப்பதில்லை. இருபது மணித்துளியில் முடிக்கிறார். இரண்டாம் மாடியின் அந்த நீளமான வாங்கில், மடல்களை மடியில் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, ஒருவரோடொருவர் பேசாமல் காத்திருக்கும் நம்மவரை நீர் எந்தப் புதன்கிழமையும் காணலாம். இப்போது நாங்கள் அவரிடம் ஒரு மணித்துளிகூடப் பிந்திப் போவதில்லை.